சாந்தியும் சிரமதானமும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவிலே வளரும் ஓர் இளைஞனுக்கு உலகப் பிரஜை என்னும் உணர்வை எங்ஙனம் ஊட்டுவது என்று சிந்திக்குந்தோறும், 1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றதே என் நெஞ்சில் முன்னிற்கிறது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த அம்மக்களோடு நகரத்துப் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்துத் தம் உழைப்பைத் தானமாக ஈந்தனர்; சிரமதானம் என்பது அதுவே. சர்வோதய இயக்கம் அங்கே பிறந்தது. 2008இல் கல்வி அமைச்சு சமாதானக் கல்விக்கென ஒரு கொள்கை வகுத்தது நன்றே. ஆயினும், சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு மொழிமூலப் பாடசாலைகளில் பயிலும் இலங்கையில், அஹிம்சையைப் பரீட்சைக்கு மனனம் செய்வதால் மட்டும் அந்நியம் அகலுமோ? பல்லேபொல வயல்வெளியின் வாய்க்காலொன்றை அவ்வூர்ப் பிள்ளைகளும் மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளைகளும் கூடித் தூர்வாரும் நாளொன்றை ஆசிரியர்கள் இவ்வாண்டே ஏற்படுத்தட்டும்.