பயிருக்கு உணவளிப்பவன் யார்?



“நான் உழுதேன், நான் விதைத்தேன், எனக்கு விளைந்தது” என்று சொல்லாத விவசாயி அபூர்வம். ஹலாலான உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சூரத்துல் வாகிஆவில், விதைப்பைப் பற்றி அல்லாஹு தஆலா நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறான். அதை ஓதிவிட்டு அடுத்த ஆயத்துக்குப் போய்விடுகிறோம். இன்று அதற்குப் பதில் தேடி வயலுக்கே போவோம்.

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அந்த உளுந்துச் செடி பூக்கும் பருவத்தில் ஒன்றை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகு போல, மிளகு போலச் சிறு முடிச்சுகள் இருக்கும். நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளைப் போன்ற ஒன்று அங்கே இருப்பதுதான் காரணம்.

அந்த முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன். அது இல்லாமல் எந்தப் பயிரும் வளராது. ஆனால் காற்றிலிருந்து அதை நேராக எடுக்கும் சக்தி ஒரு பயிருக்கும் இல்லை! கடலில் நின்றுகொண்டு தாகத்தில் தவிப்பவனின் நிலைதான். அந்தச் சிற்றுயிர்களே காற்றின் நைட்ரஜனைச் செடி உண்ணும் உணவாக மாற்றித் தருகின்றன. செடியும் சும்மா வாங்குவதில்லை. இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேருக்கு இறக்கி, அவற்றுக்குக் கூலி கொடுக்கிறது. கூலி வாங்காமல் வேலை செய்வாருமில்லை, கொடுக்காமல் வேலை வாங்குவாருமில்லை.

இது உளுந்தோடு முடியவில்லை. நிலத்தில் வளரும் தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேரோடு ஒருவகைப் பூஞ்சணம் உறவு வைத்திருக்கிறது. வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் நூலினும் மெல்லிய இழைகளை நீட்டி, மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துச் சர்க்கரை பெற்றுக்கொள்கிறது. நாம் அத்தருக்காக விலை கொடுக்கும் சந்தனமரம்கூட, பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பதித்து நீரும் சத்தும் உறிஞ்சித்தான் நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பழிக்க வேண்டாம். படைத்தவன் அதற்கு வைத்த வழி அது.

இப்போது சொல்லுங்கள், விளைச்சலில் நம் கை செய்தது எவ்வளவு?

ஷரீஅத் இந்தக் கணக்கைப் பார்த்தே வைத்திருக்கிறது. மழையாலும் ஊற்றாலும் தானே நீர் பாய்ந்து விளைந்தால் பத்தில் ஒரு பங்கு உஷ்ர். இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒரு பங்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்தார்கள். மனிதனின் பாடு கூடினால் கொடுக்க வேண்டியது குறைகிறது. பாடு குறைந்தால் கூடுகிறது.

ரமளானில் நகைக்கும் ரொக்கத்துக்கும் குண்டுமணி பிசகாமல் ஜகாத் கணக்குப் பார்க்கும் வீடுகளில்கூட, களத்திலிருந்து வரும் நெல்லுக்குக் கணக்குப் பார்ப்பது அரிதாகிவிட்டது. “உரத்துக்கும் ஆட்கூலிக்கும் போக மிச்சமே இல்லையே ஹஜரத்!” என்பார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் அந்தச் செலவைக் கழிக்காமல்தான் கணக்கிட வேண்டும். தானியம் 5 வஸக், அதாவது 300 ஸாஉ எட்ட வேண்டும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் குறைந்த அளவு என்பதே கிடையாது, காய்கறிக்கும் உண்டு. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) 5 வஸக் என்றே சொன்னார்கள். உங்கள் நிலத்துக்கு எது பொருந்தும் என்று ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சூரத்துல் அன்ஆமில் அல்லாஹ் அறுவடை நாளையே குறிப்பிடுகிறான். ஆகவே மூட்டை கொள்முதல் நிலையத்துக்கு ஏறுமுன், களத்துமேட்டிலேயே அளந்து ஒதுக்கிவிடுங்கள். நெல்லை அளந்தவர்கள் சித்திரையில் வரும் உளுந்தை மறந்துவிட வேண்டாம். அதற்கும் உண்டு.