விலைக்குப் போன பாட்டு

ஒரு பாட்டை எழுதியவரும், மெட்டுப் போட்டவரும், அதற்குப் பணம் போட்டவரும் மனம் ஒத்து ஒரு கம்பெனியின் விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். டி.வி.யில் அதைக் கேட்கும் ரசிகருக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில் நியாயம் உண்டா? பாட்டுக்கும் அவருக்கும் பத்திரம் ஏதும் இல்லை. காலமெல்லாம் கேட்டார், அவ்வளவுதான். 'உனக்கென்ன நஷ்டம்?' என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. பதில் வராததாலேயே அந்த வருத்தத்தை வெறும் உணர்ச்சிவசம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது சரியில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு போன்ற மீனவ ஊர்களை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 1964-இல் வந்த 'படகோட்டி'யில், கடலோடிகளின் பிழைப்பைப் பற்றி வாலி எழுதிய பாட்டு ஒன்று உண்டு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, டி.எம்.சௌந்தரராஜன் குரல், திரையில் எம்.ஜி.ஆர். கரையோர ஊர்களில் அதைத் தம்முடைய பாட்டாகவே எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். வலையில் மாட்டிய நண்டைக் கண்ணியிலிருந்து எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும், கால் ஒடிந்த நண்டுக்கு விலை இறங்கும். அப்படிக் குனிந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒலிக்கிற பாட்டு ஒருவரின் உழைப்போடு சேர்ந்துவிடுகிறது. வாலி எழுதியது சில வரிகள். அவற்றுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பொருளாகக் கொடுத்தவர்கள் கேட்டவர்கள். விளம்பரக்காரர் தேடி வருவதும் இந்தப் பொருளைத்தான். வெறும் மெட்டு போதுமென்றால் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாமே. பழைய பாட்டுக்குப் பணம் கொடுப்பது, அதன்மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைத் தன் சரக்கின்மேல் ஏற்றுவதற்காக. அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்களைப் பேரத்தில் யாரும் கேட்பதில்லை.

கட்சி விளம்பரமும் விளம்பரந்தான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எம்.ஜி.ஆர். பாட்டோடு ஊருக்குள் நுழைவது தமிழ்நாட்டுத் தேர்தலின் அடையாளமாகிவிட்டது. பாட்டு வாக்குக் கேட்கும். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடுவதைப் பற்றி ஆட்டோ பேசுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் கேட்பவருக்குத் துணை வராது. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு காப்புரிமை. அந்தக் கணக்கில் 'படகோட்டி'யின் ஒலிப்பதிவு 2024 முடிவோடு கட்டவிழ்ந்துவிட்டது. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்தபின் 60 ஆண்டு. வாலி மறைந்தது 2013-இல், எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-இல், ஆக அவை இன்னும் பல பத்தாண்டுகள் காவலில் இருக்கும். பாடிய சௌந்தரராஜனுக்கோ, அந்தக் காலத்துச் சட்டத்தில் பாடகர் என்ற முறையில் தனி உரிமையே கிடையாது. இந்தியாவில் அது 1994-இல்தான் வந்தது. 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டியைத் தந்தது. படைப்பைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுத்தால் தடுக்கும் உரிமையும் படைத்தவருக்கு உண்டு. கேட்பவர் இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. இருக்கவும் வேண்டாம். ரசிகர் ஒவ்வொருவருக்கும் வீட்டோ கொடுத்தால் ஒரு பாட்டும் எங்கும் ஒலிக்காது.

மறுபக்கத்து நியாயமும் லேசானதில்லை. பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏவி.மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1947-இல் அவர் எடுத்த 'நாம் இருவர்' அந்தப் பாடல்களால் ஓடியது. பாரதி மக்களின் சொத்து என்ற குரல் வலுத்து, 1949-இல் சென்னை அரசு உரிமைகளை ஏற்றுக்கொண்டது. பின்னர் அவை பொதுவுடைமை ஆயின. தமிழர் பெருமைப்பட வேண்டிய காரியம் அது. ஆனால் எல்லாருக்கும் பொது என்று ஆனபின் நகைக்கடைக்காரருக்கும் அது பொதுதான். அவர் பாரதியின் வரியை வளையலுக்குப் பக்கத்தில் போட்டால் தடுக்க ஆளில்லை. பாரதியோ 1921-இல் வறுமையில் இறந்தவர். உயிரோடிருக்கும் ஒரு கவிஞருக்கு விளம்பரக் காசு மருத்துவச் செலவுக்கு ஆகுமென்றால், 'என் நினைவு கெடாமல் இருக்க நீ கஷ்டப்படு' என்று சொல்லும் ரசிகரின் அன்பு கொடுமையான அன்பு. வறுமையைக் கலைஞனுக்கு அணிகலனாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதை விட்டொழிக்க வேண்டும்.

விளம்பரம் என்றாலே இழிவு என்பதும் பொய். ஏ.ஆர்.ரகுமான் 2002-இல் ஏர்டெல்லுக்குப் போட்ட மெட்டு, விற்பதற்கென்றே பிறந்து ஜனங்கள் மனதில் இடம் பிடித்தது. அதில் ஒருவரும் ஏமாறவில்லை.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்பதை அமெரிக்க வழக்கொன்று நன்றாகக் காட்டுகிறது. விளம்பரங்களுக்குப் பாடுவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவந்த பாடகர் டாம் வெயிட்ஸின் குரலைப் போலவே வேறொருவரைப் பாடவைத்து, 1988-இல் சிப்ஸ் விளம்பரம் செய்தது ஃப்ரிட்டோ-லே நிறுவனம். வெயிட்ஸ் வழக்குப் போட்டு வென்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் அதை உறுதி செய்தது. அவருடைய முறையீட்டின் உயிர், அவர் சொல் தவறிவிட்டார் என்று கேட்பவர்கள் நினைப்பார்களே என்பது. பாடகருக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு வாக்கு இருக்கிறது. அதை மூன்றாமவர் உடைக்கக்கூடாது.

அந்த வாக்கை வைத்துத்தான் நியாயம் பார்க்க வேண்டும். காதல் பாட்டு சோப்புக்குப் போனால் முகம் சுளிக்கலாம், பொறுத்துக்கொள்ளலாம். ஒரு ஜனத்தின் கஷ்டத்தைச் சொன்ன பாட்டை அந்த ஜனத்துக்கே எதிராகத் திருப்புவது வேறு ரகம். கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பழவேற்காடு ஏரியைச் சுற்றி 1000 மீட்டருக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்றது. வழக்கு வரை போன அந்தக் கரையில், பண்ணைத் தீவனம் விற்க ஒருவர் மீனவர் பாட்டைப் போட்டால், முறைப்படி பணம் கட்டியிருந்தாலும் அது அநியாயம். ரசீதைக் காட்டி அதை நியாயமாக்க முடியாது.

பெயர் தெரியாதவர்கள் பாட்டைப் பற்றி இன்னும் கவலையாக இருக்கிறது. வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அம்பாப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை, இறந்த தேதி இல்லை, ஆகவே சட்டத்தில் சொந்தக்காரரும் இல்லை. சினிமாவும் விளம்பரமும் அந்த ஏலேலோவை வேண்டும்போது அள்ளிக்கொள்கின்றன. பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரிக்கும் பாடு முறை உண்டு. அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள், குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பொதுத் தண்ணீர் என்பதால் எவரும் புகுந்து அள்ளலாம் என்று அந்த ஊர்கள் விட்டுவிடவில்லை. கூடிப் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். அம்பாப் பாட்டைப் பதிவு செய்ய ஒலிவாங்கியோடு வருகிறவரும் முதலில் ஊரைக் கேட்கட்டும். எதற்கு என்று சொல்லட்டும், பாடியவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடட்டும், பிறகு விற்றால் பங்கு கொடுக்கட்டும். வேண்டாம் என்று ஊர் சொன்னால், பதிவு செய்யாமல் திரும்பிப் போகட்டும்.