காசு கொடுத்த விருந்தாளியின் ஹக்கு

பணம் கொடுத்தபின் மனிதனுக்கு வரும் மனக்குறை இரண்டு வகைப்படும். விற்றவர் சொன்னபடி தராததால் வருவது ஒன்று. வாங்கியவர் நினைத்தபடி அமையாததால் வருவது மற்றொன்று. முந்தியது ஹக்கைப் பற்றியது. பிந்தியது ஆசையைப் பற்றியது. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் எரிவதால், எது எதுவென்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

நம் கடற்கரை ஊர்களில் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். காயல்பட்டினம், கீழக்கரை மக்களுக்குக் கடல் கடந்த பயணம் புதிதன்று. கொழும்பு, ஹாங்காங், துபாய் என்று தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தவர்கள்தாம். ஆனால் அவை பிழைப்புக்கான பயணங்கள். இன்றோ, பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், முதிய தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, வெளிநாட்டு நட்சத்திர ஹோட்டலில் நான்கு நாள் தங்கிவர ஆசைப்படுகிறார்கள். அது ஹலாலான ஆசையே.

போய் இறங்கினால், கடலைப் பார்த்த அறை என்று எழுதித் தந்திருந்தது சுவரைப் பார்த்து நிற்கிறது. ஹலால் உணவு உண்டு என்றார்கள். எது ஹலால் என்று கேட்டால் பரிமாறுபவருக்குச் சொல்லத் தெரியவில்லை. போர்வையில் ஈரவாடை. இவற்றோடு, வரவேற்பில் நின்றவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. தாயாருக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் எண்ணி வந்த மகிழ்ச்சி கிட்டவில்லை. ஊர் திரும்பியதும் வாப்பா புகார்க் கடிதம் எழுத உட்காருகிறார். மகன் சொல்கிறான்: “பாட்டிக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் வாப்பா. முழுப் பணமும் திரும்பிவிடும். அவர்கள் செய்தது மட்டும் நியாயமா?”

அந்த ஒரு வரியை எழுதலாமா? இதுதான் கேள்வி.

இதற்கு நம் கடலே ஒரு பாடம் சொல்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, குளியாளிகள் கரைசேர்த்த சிப்பியில் அவர்கள் பங்கு போக, சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். சிப்பியைத் திறந்து பார்க்க வழியில்லை. ஒருவருக்கு முத்து கிடைக்கும். மற்றவருக்கு நாற்றமெடுத்த ஓடுதான் மிஞ்சும். 1961 ஆம் ஆண்டோடு அந்தக் குளிப்பு நின்றுபோயிற்று. திறவாத சிப்பிக்காக ஏலம் விட்டவர் மீது எவரும் வழக்குத் தொடுக்க இயலாது. ஏனெனில் அதற்குள் முத்து இருப்பதாக எவரும் வாக்களிக்கவில்லை.

இத்தகைய நிச்சயமற்ற வியாபாரத்தை மார்க்கம் விரும்பவில்லை. ‘பைஉல் கரர்’ எனும் அவ்வகை வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக முஸ்லிமில் ஸஹீஹான ஹதீது உண்டு. கடலில் மூழ்குபவர் ஒரு முழுக்கில் எடுக்கப்போவதை முன்னதாகவே விலைபேசுவதையும் ஃபிக்ஹு நூலார் இதற்கு உதாரணம் காட்டுவர்.

ஹோட்டல் அறையும் முன்பணம் கட்டும்போது மூடிய பொருள்தான். ஆனால் முழுதும் மூடியதன்று. அதில் ஒரு பாகம் எழுத்தால் திறக்கப்பட்டது: இத்தனை கட்டில், கடல் நோக்கிய சன்னல், ஹலால் உணவு. அது ஒப்பந்தம். மறுபாகம் திறவாத சிப்பி: ஊழியரின் முகமலர்ச்சி, அந்த ஊர்க் குளிர், பிள்ளைகளின் குதூகலம். அதை எவரும் நமக்கு விற்கவில்லை, நாமாகவே எண்ணிக்கொண்டோம்.

முதல் பாகத்தில் குறை நேர்ந்தால் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். வாடகைக்கு எடுத்ததில் பயனைக் கெடுக்கும் குறை தெரிந்தால், ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை எடுத்தவருக்கு உண்டு. நாட்டுச் சட்டமும் துணை நிற்கிறது. இங்குள்ள ஏஜெண்டு மூலம் பதிவு செய்து ஏமாந்தவர், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். அநீதியை முறையிடுவதும், பிறரை எச்சரிப்பதும் தடுக்கப்பட்ட புறம்பேசுதலில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள்.

ஆனால் புகாரின் அளவு குறையின் அளவாகவே இருக்க வேண்டும். மனவருத்தத்தின் அளவாக இருக்கலாகாது. சன்னலுக்கும் சாப்பாட்டுக்கும் கேட்கலாம். வராத காய்ச்சலுக்குக் கேட்க முடியுமா? ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயம், தமக்கு வரவேண்டியதை நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் குறைத்து அளப்போரைக் கண்டிக்கிறது. ஹோட்டல்காரர் குறைத்து அளந்தார் என்பது உண்மை. அதற்காக நாமும் தராசில் விரலை வைத்தால், இரண்டு மோசடி ஆகுமேயன்றி ஒரு நியாயம் ஆகாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பத்து என்று சொல்லிக் கட்டணத்தைக் குறைத்திருந்தால், அதையும் அந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நம் கோபம் பெரும்பாலும் போய் விழுவது முதலாளி மேல் அன்று. போர்வை மாற்ற வரும் பையன் மேல். வளைகுடாவில் நம் பிள்ளைகள் நிற்கும் இடத்தில்தான் அவனும் நிற்கிறான். அறையை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை.

உபசரிப்பு என்பது வேறு. விருந்தாளிக்கு மூன்று நாள் என்று மார்க்கம் வகுத்தது, காசு வாங்காமல் கதவு திறப்பவருக்குச் சொன்னது. அந்த அன்பைக் கட்டண ரசீதோடு எதிர்பார்த்தால் உலகின் எந்த மாளிகையும் ஏமாற்றத்தையே தரும்.

ஆகவே வாப்பா கடிதத்தை எழுதட்டும், உறுதியாகவே எழுதட்டும். அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம். இழந்த பணம் திரும்பாமல் போகலாம். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கும் மகன், தகப்பனிடம் எதைக் கற்றுக்கொண்டான் என்பது அதைவிடப் பெரிய கணக்கு. நமக்குரியதைக் கேட்கும் துணிவையும், உரியதற்கு மேல் கேளாத பேணுதலையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.