ஒலியும் உரிமையும்

கண்ணுக்கு இமை உண்டு; செவிக்கு இல்லை. வேண்டாத காட்சியினின்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்; வேண்டாத ஒலியோ கேட்பவரின் இசைவை எதிர்பாராமலே உட்புகுந்துவிடுகிறது. இசையரங்கில் இவ்வியல்பு ஓர் அறச்சிக்கலாக உருவெடுக்கிறது. தன் கருவியை விரும்பிய அளவு முழக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டா? உண்டெனில், அவ்வுரிமையின் எல்லை யாது?

மேடையில் ஒலி மிகுவதற்குச் செருக்கு மட்டுமே காரணம் அன்று. தன் இசை தனக்கே கேளாது போகுமோ என்னும் அச்சமே பெரும்பாலும் காரணம். டிரம்ஸ் முழங்குகிறது. அருகில் நிற்கும் கிதார்க் கலைஞர் தம் ஒலிபெருக்கியைச் சற்றே உயர்த்துகிறார். அவரால் மறைக்கப்பட்டவர் தம் கருவியை மேலும் உயர்த்துகிறார். இறுதியில் பாடகர் பாடுவதை விட்டுக் கத்தத் தொடங்குகிறார். இரைச்சலுக்கு நடுவே மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துவதைப் பிரெஞ்சு மருத்துவர் லோம்பார் 1911இல் எடுத்துரைத்தார். பாடகரின் ஒலிவாங்கியில் அவர் குரலோடு பிற கருவிகளின் ஒலியும் புகுவதால், குரலை மட்டும் தெளிவாக உயர்த்தித் தர ஒலிப்பொறியாளராலும் இயலாது. எவரும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் தீங்கு விளைந்துவிட்டது.

1965 ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினர். கூடியிருந்தோர் 55,000க்கும் மேற்பட்டோர். கூட்டத்தின் ஆரவாரத்தில் பாடியவர்களுக்கே தம் பாட்டுக் கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு அவர்கள் இசைப்பயணங்களை நிறுத்திக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் புகுந்தனர். கேட்க இயலாத இடத்தில் கலை வளராது என்பதற்கு இது சான்றன்றோ?

கேளாமை மேடையோடு ஒழிவதில்லை. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லுக்கு எஞ்சுவது 15 நிமிடமே. 1976இல் உலகிலேயே மிகுந்த ஒலியுடைய நிகழ்ச்சி நடத்தியதாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது 'தி ஹூ' குழு. அக்குழுவின் கிதார்க் கலைஞர் பீட் டவுன்சென்ட் பிற்காலத்தில் தம் செவிக்குறையை வெளிப்படையாகப் பேசினார். செவிக்கேட்டை ஊக்குவிக்கக் கூடாதெனக் கின்னஸ் நூலும் அச்சாதனைப் பிரிவைக் கைவிட்டது.

மின்கருவிகள் மட்டுமே குற்றவாளிகள் என்று எண்ணுதல் பொருந்தாது. 2012இல் இலண்டன் ராயல் ஓபரா இல்லத்தில் வாக்னரின் இசைநாடகத்திற்கு ஒத்திகை நடந்தது. டிரம்பெட் முதலிய ஊதுகருவிகளுக்கு நேர் முன்னே அமர்த்தப்பட்ட ஒரு வயோலாக் கலைஞரின் செவி பழுதுற்றது. அவர்தம் தொழில்வாழ்வும் முடிந்தது. உயர்ந்த கலையில் இத்தகைய இடர் தவிர்க்க இயலாதது என்னும் வகையில் அரங்கத்தார் வாதிட்டனர். தொழிலாளர் செவியைக் காக்கும் சட்டத்தின்முன் தொழிற்சாலையும் ஓபரா அரங்கும் ஒன்றே என 2018இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் மேல்முறையீட்டிலும் அவர் பக்கமே வெற்றி நின்றது. கலையின் பெருமையை ஒருவர் நுகர, அதன் விலையை மற்றொருவர் செவி செலுத்துவது அறமாகாது என்பதே இதன் உட்பொருள்.

அங்ஙனமாயின் தடுப்புச் சுவர்கள் போதுமா? டிரம்ஸைச் சுற்றி ஒளிபுகும் பலகை நிறுத்துவதுண்டு. அது அயலாரைக் காக்கும். உள்ளே இருப்பவர்மீதோ அவரெழுப்பிய ஒலியையே திருப்பி எறியும். செவிக்குள் பொருத்தும் சிறு கருவிகள் மேடையின் இரைச்சலைப் பெரிதும் குறைக்கும். ஆனால், அவற்றால் ஒவ்வொருவரும் தமக்கென அமைத்த ஒலிக்கலவையைக் கேட்டுத் தனித்தீவாக நிற்கும் நிலையும் வருகிறது. இவர்கள் தீங்கிலிருந்து விலகினர், தோழமையிலிருந்தும் விலகிவிட்டனரோ?

தடுப்பு தேவையே, பழுதுற்ற செவியை எந்தத் தத்துவமும் மீட்டுத் தராது. எனினும் தடுப்பு முதற்படி அன்று. ஒலிபெருக்கியைக் காலடியில் வைத்துக் காலுக்கு இசைப்பதை விட்டுத் தம் செவி நோக்கிச் சாய்த்து வைத்தாலே, குறைந்த ஒலியிலும் கலைஞருக்கு அது தெளிவாகக் கேட்கும். ஊதுகருவிகளுக்கு முன்னிருப்போரைச் சற்று விலக்கி அமர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அனைவரும் ஒருங்கே தணிய வேண்டும். ஒருவர் மட்டும் தணிந்தால் அவர் மறைக்கப்படுவார். எல்லோரும் தணிந்தால் எல்லோரும் கேட்கப்படுவர். அடக்கம் இங்குத் தனிமனிதப் பண்பாக நின்றுவிடாது, கூட்டு உடன்படிக்கையாக வளர வேண்டியிருக்கிறது.

தமிழில் 'கேள்' என்பது செவிமடுத்தலைக் குறிக்கும் வினை. உறவைக் குறிக்கும் பெயரும் அதுவே. இசையரங்கு கற்பிக்கும் அறமும் இவ்விரு பொருளும் சந்திக்கும் இடத்திலேதான் உள்ளது. அயலாரின் இசை தன் செவியில் விழும் அளவிற்குத் தன் ஒலியைத் தணிப்பவனே குழுவின் கலைஞன். அவனுடைய உரிமை அடுத்தவர் செவியின் வாயிலில் முடிகிறது. அவனுடைய கலையோ அவ்விடத்திலேதான் தொடங்குகிறது.