முருகன்கிட்ட கயிறை நீளமா விடுங்க

ஓம் சரவணபவ 🙏
வேலும் மயிலும் துணை!

ரெண்டு கிருத்திகைக்கு முன்னாடி, குரோம்பேட்டை குமரன்குன்றத்துல தரிசனம் முடிச்சிட்டு படியில உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல ஒரு தம்பி. பெருங்களத்தூர் பக்கம் வீடு. வேலை போய் நாலு மாசம் ஆச்சாம். "ஆறு செவ்வாய் விரதம் இருந்தேன் அண்ணா, ஒண்ணும் நடக்கல. இதுதான் கடைசி, இனிமே வரமாட்டேன்"னு சொன்னான்.

அவனுக்கு நான் ஒரு படகோட கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

நம்ம சென்னைக் கரை நேர்க்கோடு போட்ட மாதிரி இருக்கும். பெசன்ட் நகர்ல நின்னாலும் கோவளத்துல நின்னாலும் எதிர்ல திறந்த கடல்தான். துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி, கப்பல்கள் எல்லாம் அந்தத் திறந்த கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கணும். ஐப்பசி, கார்த்திகையில புயல் வந்தா ஒதுங்க இடமே கிடையாது. 1746 செப்டம்பர்ல பிரெஞ்சுக்காரங்க சென்னைக் கோட்டையைப் பிடிச்சாங்க. அடுத்த மாசமே அடிச்ச புயல்ல அவங்க கப்பல்கள் சிலது மூழ்கிப் போச்சு, சிலது உடைஞ்சு போச்சு. கோட்டையைப் பிடிச்சவங்களுக்கு ஒரு ராத்திரி ஒதுங்க இடம் இல்ல!

அதே வங்கக்கடல்ல, இலங்கையோட கிழக்குக் கரையில திருகோணமலை இருக்கு. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடின தலம். அங்க கடல் நிலத்துக்குள்ள வளைஞ்சு போகும். சுத்தி குன்றுகள் காவல் நிக்கும். வெளியே அலை கொந்தளிச்சாலும் உள்ளே படகு நிம்மதியா ராத்தங்கலாம். உலகத்துல இருக்கிற அருமையான இயற்கைத் துறைமுகங்கள்ல அதுவும் ஒண்ணு.

நமக்குக் கோயில் அப்படி ஒரு ஒதுக்கிடம். ஆனா உள்ளே வந்துட்டா மட்டும் போதாது, நங்கூரத்தைச் சரியா போடணும். இல்லேன்னா எல்லாரும் தூங்கும்போது காத்து திசை மாறி, படகு மெல்ல நகர்ந்து பாறையில மோதிடும்.

நங்கூரம் எதனால பிடிக்குது? அதோட எடையாலன்னுதான் நாம நினைக்கிறோம். எடை மட்டும் போதாது. அதோட கொக்கி சேத்துலயோ மணல்லயோ புதைஞ்சு பிடிக்கணும். அதுக்குக் கயிறு தரையோட ஒட்டி, படுக்கையா இழுக்கணும். கயிறு குட்டையா இருந்தா, ஒவ்வொரு அலைக்கும் படகு நங்கூரத்தை மேல் நோக்கி இழுத்துப் பிடுங்கிடும். அதனாலதான் ஆழத்தைப் போல 5 மடங்கு, காத்து பலமா இருந்தா 7 மடங்கு கயிறு விடுவாங்க. 5 மீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 35 மீட்டர்!

இப்போ நம்ம வேண்டுதலைப் பாருங்க. "முருகா, இந்த மாசத்துக்குள்ள வேலை வேணும், இல்லேன்னா உன்னை நம்பமாட்டேன்." இது குட்டைக் கயிறு. நங்கூரத்தைப் பிடுங்குறது நாமதான். அப்புறம் "முருகன் கைவிட்டுட்டான்"னு அவன் மேல பழி போடுறோம்.

கயிறை நீளமா விடுறதுதான் பொறுமை. அது தாழ்ந்து, தரையோட படுத்து இழுக்கிறதுதான் பணிவு. வெறும் பாறையில நங்கூரம் சறுக்கும், இளகின மண்ணுலதான் பிடிக்கும். நம்ம மனசும் அப்படித்தான்.

இன்னொண்ணு. நங்கூரம் போட்டா காத்து நிக்காது. படகு ராத்திரி பூரா ஆடும், சுத்தும். ஆனா விடியும்போது அதே இடத்துலதான் இருக்கும். நம்பிக்கைன்னா ஆட்டமே இல்லாம இருக்கிறது இல்லைங்க, அடிச்சிட்டுப் போகாம இருக்கிறது.

படகுக்காரங்க இருட்டுறதுக்கு முன்னாடியே நங்கூரம் போட்டு, கரையில ரெண்டு அடையாளம் பார்த்து வச்சுக்குவாங்க. ராத்திரி எழுந்து பார்ப்பாங்க. அடையாளம் விலகியிருந்தா நங்கூரம் இழுபடுதுன்னு அர்த்தம். கோபப்படாம தூக்கி, மறுபடியும் போடுவாங்க. நீங்களும் ரெண்டு அடையாளம் வச்சுக்கங்க: இன்னிக்கு அம்மாகிட்ட முகம் பார்த்துப் பேசினேனா? நேரத்துக்குத் தூங்கினேனா? ரெண்டும் விலகுதுன்னா தனியா இருக்காதீங்க, யார்கிட்டயாவது சொல்லுங்க. மனசு தாங்கலேன்னா 14416, டெலி மனஸ், இலவசமாப் பேசலாம். உதவி கேட்கிறது பக்தியில குறை இல்ல. வாழ்க்கையே வெறுத்துப்போன அருணகிரியாரைத் தாங்கிப் பிடிச்சவன் நம்ம முருகன்னுதான் பெரியவங்க சொல்றாங்க. அவன் யார் கை வழியா உங்களைப் பிடிப்பான்னு யாருக்குத் தெரியும்?

அந்தத் தம்பி அன்னிக்கு ஒண்ணும் பேசல. எழுந்து போயிட்டான். நேத்து கிருத்திகைக்கு அதே படியில பார்த்தேன். வேலை இன்னும் கிடைக்கல. "கயிறை விட்டிருக்கேன் அண்ணா"ன்னு சிரிச்சான். கூட அவங்க அம்மாவும் வந்திருந்தாங்க.

உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இப்படித் தவிச்சிட்டு இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு ஒரு போனும் பண்ணுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚