மறுமுனையை யார் கண்டார்?

1990-களின் பிற்பாதியில் வீட்டில் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் மோடத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். முதலில் டயல் டோன், பிறகு எண்கள். மறுமுனை எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் நீண்ட விசில். அந்த விசிலின் அலை 450 மில்லிநொடிக்கு ஒருமுறை தலைகீழாகத் திரும்பும். தொலைபேசி இணைப்பகங்களில் எதிரொலியை அடக்கும் கருவிகளை ஒதுங்கியிருக்கச் சொல்லும் சைகை அது. அடுத்து வரும் இரைச்சல், இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தைச் சோதித்துக்கொள்ளும் நேரம். பிறகு சட்டென்று அமைதி. புதியவர்கள் லைன் அறுந்துவிட்டதோ என்று பதறுவார்கள். பழகியவர்களுக்கு அதுதான் நல்ல சேதி: கேரியர் எனும் மறுமுனையின் தாங்கு அலை கிடைத்ததும் ஒலிபெருக்கியை அணைத்துக்கொள்வது பெரும்பாலான மோடங்களின் இயல்பு.

காட்டுக்குள்ளிருந்து வரும் ஓசையைக் கேட்டு, காணாமலே அங்கே யானை உண்டு என்று தெளிவது கருதல் அளவை. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில் அளவைவாதி சொல்லும் எடுத்துக்காட்டு இது. வெள்ளத்தைக் கண்டு மேட்டு நிலத்தில் மழை பெய்திருக்கிறது என்று உணர்வது இன்னொரு வகை. கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் என்பது மூன்றாவது வகை. மோடம் இணைப்பைப் பழுதுபார்க்க உட்கார்ந்தவர் ஒரே மாலையில் இம்மூன்றையும் செய்துவிடுவார். விசிலைக் கேட்டு மறுமுனையில் மோடம் இருப்பதை அறிவார். பதிவுக் கோப்பில் நிற்கும் பிழையைக் கண்டு முன்னே நடந்ததை அறிவார். இரைச்சல் வழக்கத்தைவிட நீண்டால் வேகம் குறையப் போகிறது என்று முன்கூட்டியே சொல்வார்.

ஆனால் அந்தக் காதை எழுப்பும் கேள்வி இன்னும் ஆழமானது. மெய்யறிவுக்கு வழிகள் எத்தனை? வேதவியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என அளவைவாதி அடுக்குகிறான். இரண்டு காதைகள் கழித்து, அறவண அடிகள் பௌத்த நெறி நின்று காட்சியும் கருதலும் ஆகிய இரண்டே போதும் என்கிறார். பின்னாளில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிறர் சொல்லும் அளவைகளையெல்லாம் எண்ணிக் காட்டிவிட்டு, காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே நிற்பது உரை. நம்பத்தக்கவர் சொன்ன சொல் தனித்த ஓர் அறிவு வழியா, அல்லது கருதலின் ஒரு கிளைதானா?

வீட்டு மேசையில் இருந்த அந்தக் கணினி இந்த வழக்குக்கு நல்ல சாட்சி.

காட்சியிலிருந்தே தொடங்கலாம். கணினியின் மூடியைத் திறந்தால் மோடம் அட்டை தெரிகிறது. தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளை இருக்கிறது. பிசிஐ பட்டியலிலும் அதன் பெயர் வருகிறது. மோடத்தோடு பேச உதவும் மினிகாம் நிரலைத் திறந்து ‘ஏடி’ என்று அடித்தால் வர வேண்டிய ‘ஓகே’ மட்டும் வரவில்லை. அக்காலத்தில் மலிவாக விற்ற விண்மோடங்களின் கதை இது. ஒலியைத் தரவாக்கும் வேலையை அட்டை செய்யாது. விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருள், கணினியின் செயலியைக் கொண்டே அதைச் செய்துகொள்ளும். அந்த மென்பொருள் லினக்ஸுக்கு இல்லாதவரை அட்டை வெறும் செப்பும் சிலிக்கானும்தான். இப்பியை வெள்ளி என்று கொள்ளும் பிழைக்கு மணிமேகலை வைத்திருக்கும் பெயர் திரியக் கோடல். கண்ட பொருளை வேறொன்றாகக் கொள்வது. கண் முன்னே இருக்கும் பொருளிலேயே இவ்வளவு வழுக்கல் உண்டு.

லினக்ஸ் பிறந்ததே ஒரு மோடத்தை ஒட்டித்தான். 1991-இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியே பேச ஒரு முனைய நிரல் எழுதினார்; அது வளர்ந்துதான் இயங்குதளமானது. ஒருநாள் மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். அதில் மினிக்ஸ் என்ற இயங்குதளம் இருந்த பகுதி பாழானது. மோடம், வன்தட்டு இரண்டும் கோப்புப் பெயர்களாகவே தெரியும் ஓர் அமைப்பில், பெயரைப் பார்ப்பது பொருளைப் பார்ப்பதாகிவிடாது.

அடுத்தது ஒழித்தறிதல். அளவைவாதியின் பத்தில் மீட்சி என்றொன்று உண்டு: இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்பது தானே விளங்கும். இணைப்பு ஏற்பட்டு ஐபி முகவரியும் வந்துவிட்டது. எண்ணாலான முகவரிக்குப் பிங் செய்தால் பதில் வருகிறது. பெயரைக் கொடுத்தால் வரவில்லை. அப்படியானால் கம்பி, மோடம், அவற்றின் மேல் இணைய இணைப்பை நடத்தும் பிபிபி நெறிமுறை எல்லாம் குற்றமற்றவை. பெயரை எண்ணாக்கும் சேவையகத்தின் முகவரிதான் ‘ரிசால்வ் கான்ஃப்’ கோப்பில் இல்லை அல்லது தவறாக இருக்கிறது. இந்த வழி மிக அழகானது. களத்தில் இருவர் மட்டும் நிற்கும்வரை தவறாது. மூன்றாமவர் ஒளிந்திருந்தால் கவிழ்த்துவிடும். அதே கணினியில் ஈதர்நெட் அட்டையும் இருந்து, வெளியே போகும் வழி ஏற்கெனவே அதன் பெயரில் எழுதப்பட்டிருந்தால், பிபிபி அதை மாற்றாமல் விட்டுவிடும். இணைப்பு நன்றாக இருக்கும், மறுமுனைக்கு அப்பால் போக வேண்டிய எந்தப் பிங்கும் திரும்பாது. எத்தனையோ பேர் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தது இந்த மூன்றாமவரை எண்ணாமல் விட்டதால்தான்.

இதைவிட நுட்பமானது தன் குரலையே மறுமுனையின் குரலாகக் கேட்பது. மறுமுனை இன்னும் பிபிபியைத் தொடங்காமல் பயனர் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றால், இங்கிருந்து போகும் ஒவ்வோர் எழுத்தையும் அப்படியே திருப்பி அனுப்பும். கேட்பவருக்கு யாரோ மறுமொழி சொல்வதுபோலவே இருக்கும். பிபிபியை வரையறுத்து 1994 ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 1661 என்ற ஆவணம் இதற்கென்றே ‘மேஜிக் எண்’ என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஒவ்வொரு முனையும் பேச்சைத் தொடங்கும்போதே தற்செயலாகத் தேர்ந்த ஒரு 32 பிட் எண்ணைச் சொல்லும். எதிரே இருப்பவர் சொல்லும் எண்ணும் அதுவாகவே இருந்தால் சந்தேகம். இங்குள்ள பிபிபி நிரல் வேறொரு எண்ணைச் சொல்லிப் பார்க்கிறது. சொல்லும் எண்ணெல்லாம் திரும்பத் திரும்ப அப்படியே வந்தால், எதிரே யாருமில்லை என்று முடிவுகட்டி, கம்பி தன்னையே சுற்றி வருகிறது என்று பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு இணைப்பை விட்டுவிடுகிறது. பிற உள்ளம் ஒன்று உண்டா என்ற பழைய கேள்வியை இவ்வளவு சிக்கனமாகச் சோதித்த ஏற்பாடு அரிது.

இதுவரை காட்சியும் கருதலும் சமாளித்துவிட்டன. அறவண அடிகளின் இரண்டே போதும் என்றுதான் தோன்றும். மின்னஞ்சலுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது.

வீட்டு லினக்ஸில் கடிதம் எழுதி ‘அனுப்பு’ என்றால் போய்விட்டது என்று திரை சொல்லும். உண்மையில் அது அதே கணினியிலுள்ள சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலின் கையில் போயிருக்கும், அவ்வளவுதான். தொலைபேசி இணைப்பு இல்லாத வேளையில் ‘மெயில்கியூ’ என்று கேட்டால் அது வரிசையில் காத்துக்கிடப்பது தெரியும். திரை பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னது. கேட்டவர் அதற்கு மேல் எடுத்துக்கொண்டார்.

வந்து சேர்ந்த கடிதத்தின் தலைப்புப் பகுதியைப் பிரித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு வரிக்கு வரி எழுதியிருக்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு சேவையகமும் ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் ஒரு வரியை மேலே சேர்க்கும். ஆகவே பயணத்தைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஆனால் நம்பிக்கையை மேலிருந்து கீழே கொடுத்துக்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் கீழ் வரிகளை அனுப்பியவரே போலியாக எழுதி வைத்திருக்கலாம். ஒரே வரிக்குள்ளும் இரண்டு தரம் உண்டு. வந்தவர் தன்னை என்ன பெயரால் அறிமுகப்படுத்திக்கொண்டார் என்பது ஒன்று. எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தார் என்று சேவையகம் தானே கண்டது இன்னொன்று. முன்னது, இந்த மரத்தில் தெய்வம் உண்டு என்று ஊரார் சொல்லக் கேட்கும் ஐதிகத்தைப் போன்றது. பின்னது கண்டவர் உரை. உரை என்றாலே கண்மூடி ஏற்பது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கலாம்.

2002-இல் ட்ரே ஹாரிஸ் என்ற கணினி நிர்வாகி எழுதிய அனுபவம் ஒன்று தொழில்நுட்ப வட்டாரத்தில் வெகுபிரபலம். வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறைத் தலைவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, தங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போகவில்லை என்றார். கேட்டவருக்கு நம்பவே முடியவில்லை. மின்னஞ்சலுக்குத் தூரம் ஏது? ஆனால் சொன்னவர்கள் புள்ளியியலாளர்கள். சில நாட்கள் தரவு சேர்த்த பிறகே அழைத்திருந்தார்கள். ஹாரிஸ் சோதித்தார்: நியூயார்க்குக்குப் போனது, அதைவிடத் தொலைவிலிருந்த பிராவிடன்ஸுக்குப் போகவில்லை. காரணம் கடைசியில் கிடைத்தது. சேவையகத்தைப் புதுப்பித்தபோது சென்ட்மெயில் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது; புதிய பதிப்புக்கான அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை; மறுமுனைக்காகக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. நடைமுறையில் அந்தப் பூஜ்யம் 3 மில்லிநொடிக்குச் சற்று மேல். அந்த நேரத்துக்குள் ஒளி கடக்கும் தூரம் சுமார் 558 மைல். கருதல் மட்டும் ஆண்டிருந்தால் அந்தப் புகார் முதல் நிமிடத்திலேயே தள்ளுபடியாகியிருக்கும். சொன்னவரின் தகுதியை மதித்ததால்தான் தேடலே தொடங்கியது.

பௌத்தர் இதற்கும் விடை வைத்திருப்பார்: இன்னார் பிழையாகச் சொல்ல மாட்டார் என்பதும் முன் அனுபவத்திலிருந்து செய்த அனுமானம்தானே? பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம் இது. ஆனால் அஞ்சல் நெறிமுறையில் அது தொடாத ஓர் இடம் இருக்கிறது. கடிதத்தை வாங்கிய சேவையகம் ‘250’ என்று பதில் சொன்னால், அது தகவல் மட்டுமில்லை. சேர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். கணினி முடங்கியது போன்ற அற்பக் காரணங்களுக்காகக் கடிதத்தைத் தொலைக்கக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1123 கட்டளையிடுகிறது. புகை நெருப்பைக் காட்டும், நெருப்புக்குப் பொறுப்பேற்காது. முன்பின் அறியாத சேவையகத்தோடு முதன்முதலாகப் பேசும்போதும், எந்த அனுபவமும் கையில் இல்லாமலே, அந்த 250-ஐ நம்பித் தன் பிரதியை அழித்துவிட வேண்டியிருக்கிறது. சித்தியார் உரையைத் தனியே வைத்தது சரி என்று படுவது இங்கேதான்.

எரிக் ரேமண்ட் 1996 முதல் வளர்த்த ஃபெட்ச்மெயில் இதன்படியே நடக்கிறது. இணைய நிறுவனத்தின் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து வீட்டுச் சேவையகத்திடம் கொடுக்கும். அது 250 என்று சொன்ன பிறகே அங்கே அழிக்கும். வன்தட்டில் இடமில்லாமல் வீட்டுச் சேவையகம் ‘452’ என்று சொன்னால் அதையும் அப்படியே நம்பி, கடிதத்தைப் பெட்டியிலேயே விட்டுவைத்து, அடுத்த முறை டயல் செய்யும்போது திரும்ப எடுத்துவருகிறது.