இடைச்செருகல்

2019 செப்டம்பர் புகைமூட்டத்தின்போது நான் ஒரு வரைபடம் போட்டேன். தீபகற்ப மலேசியாவின் நிலையங்கள் அளந்த காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் புள்ளிகளாக இட்டு, புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் நிலத்தையும் வண்ணத்தால் நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் இதை இன்டர்போலேஷன் என்பார்கள். தமிழில் சிலர் இடைக்கணிப்பு என்கிறார்கள், சிலர் இடைச்செருகல் என்கிறார்கள். இரண்டாவது சொல்லைப் பார்த்து அன்று சிரித்தேன்.

முதல் முயற்சியில் வரைபடமே வரவில்லை. சில பெரிய சதுரங்கள்தான் வந்தன. புள்ளிகள் பாகைக் கணக்கில் இருக்க, கட்டத்தின் அளவு 1 என்று கொடுத்திருந்தேன். நான் நினைத்தது ஒரு கிலோமீட்டர். மென்பொருள் புரிந்துகொண்டது ஒரு பாகை, அதாவது நம் ஊர்ப் பக்கம் சுமார் 111 கிலோமீட்டர். மீட்டர் கணக்குக்கு மாற்றியதும் சரியாயிற்று. அடுத்து, புகையின் சிவப்புக்கு நடுவில் ஆழ்நீலமாக ஒரு கிணறு தெரிந்தது. அங்கே மட்டும் மலைக்காற்றா? அந்த நிலையத்தில் அன்று அளவீடே இல்லை. காலியாக இருந்த கட்டத்தை மென்பொருள் 0 என்று படித்துவிட்டது. அதை நீக்கினேன். பிறகும் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் அம்பெய்யும் பலகைபோல வட்டம் வட்டமாக வந்தது. கிட்டத்தில் இருப்பதற்குக் கூடுதல் எடை, தூரத்தில் இருப்பதற்குக் குறைந்த எடை என்று கணக்குப் போடும் முறையின் வழக்கமான கோளாறு அது. முறையை மாற்றி, கிரீகிங் போட்டேன். வட்டங்கள் போயின. வண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று இழைந்தன. வாட்ஸ்ஆப்பில் நாலு பேருக்கு அனுப்பினேன்.

மறுநாள் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார்.

“தம்பி, உங்க மேப்ல எங்க ஸ்கூலு மஞ்சளா இருக்கு. இங்க எதிர்ல நிக்கிற செம்பனையே கண்ணுக்குத் தெரியல.”

“அது கணிப்புதான் டீச்சர். அங்க யாரும் அளக்கல.”

“அப்படின்னு மேப்ல போடலியே.”

குறியீடு 200ஐத் தாண்டினால் பள்ளியை மூடலாம். என் மஞ்சளுக்கு அர்த்தம் அதற்கும் கீழே என்பது. அவர் பள்ளி இரண்டு நிலையங்களுக்கு நடுவே, இரண்டிலிருந்தும் தொலைவில் இருக்கிறது. பக்கத்துக் காட்டில் தீ எரிந்தாலும் என் கணக்குக்குத் தெரியாது. புள்ளிகள் தூரமாகப் போகப் போக, கணக்கு மெல்லச் சராசரியை நோக்கிப் போய்விடும். அந்த மஞ்சள் பள்ளியின் காற்று இல்லை, சராசரியின் நிறம்.

அன்றுதான் யோசித்தேன். நான் திருத்தியவை எல்லாம் கண்ணில் பட்ட பிழைகள். நீலக் கிணறு பொய்தான், ஆனால் பார்த்த உடனே பொய் என்று தெரிந்தது. மஞ்சள் அப்படிக் காட்டிக்கொடுக்கவில்லை. பிழைகளை நீக்க நீக்க, மிச்சமிருந்த பொய்யை இன்னும் நம்பும்படி ஆக்கிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் தெரியாத இடத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மையா? இலக்கியம் படிப்பவனுக்கு உடனே புறநானூறு ஞாபகம் வரும். அதில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எண் இருக்கிறது, பாட்டு இல்லை. 266ஐயும் 269ஐயும் படித்துவிட்டு நடுவில் இரண்டைக் கட்டிவிடத் தெரிந்த புலவர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. இருந்தும் அந்த இடம் காலியாகவே நிற்கிறது. ஆனால் பாட்டு காத்திருக்கும், மூச்சு காத்திருக்காது. நிலையம் இல்லாத இடத்திலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். காலியாக விட்டால், அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் வேறொரு வழி பிடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் செருகியவை என்று கருதிய செய்யுள்களைத் தூக்கி எறியாமல், ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே பிரித்து அச்சிட்டார்கள். படிப்பவருக்கு எது எது என்று தெரியும்.

கிரீகிங்கிலும் அந்த வசதி இருக்கிறது என்பதுதான் எனக்கு உறைத்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரீக் 1951இல், விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் கிடைத்த சில மாதிரிகளைக் கொண்டு, தோண்டாத இடத்துத் தாதுவின் தரத்தைக் கணிக்க வழி தேடினார். அதைப் பிரெஞ்சுக் கணிதர் ஜார்ஜ் மாத்தெரோன் கோட்பாடாக வளர்த்தார். அந்த முறை ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண் தரும். ஒன்று கணிப்பு. மற்றது அந்தக் கணிப்பை எவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்பது. இரண்டாவது கோப்பும் என் கணினியில் இருந்தது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திறந்தேன். அளந்த நிலையங்களைக் கரும்புள்ளிகளாக வைத்து, சந்தேகம் கூடும் இடங்களில் வண்ணத்தை வெளுக்க விட்டு, டீச்சருக்கு அனுப்பினேன்.

“இப்ப எங்க ஸ்கூலு வெள்ளையா கெடக்கு,” என்றார்.

“ஆமா டீச்சர். எனக்குத் தெரியலன்னு அர்த்தம்.”

“சரி தம்பி. ஆனா இத வச்சி யாரு ஸ்கூல மூடுவா?”

பதில் சொல்ல முடியவில்லை. முதல் வரைபடம் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இரண்டாவது எதிராகச் சொல்லவில்லை, ஆதரவாகவும் சொல்லவில்லை. என் மனசாட்சிக்கு அது போதும். அவர் வகுப்புக்குப் போதாது. அந்த வெள்ளைக்கு வேண்டியது இன்னொரு கணக்கு இல்லை, அங்கே போய் நிற்கும் ஒரு கருவி. அதை மென்பொருளுக்குள் இருந்துகொண்டு என்னால் திருத்த முடியாது.